மீதிச் சொல்

படத்தில் பாட்டே கிடையாது என்று நோட்டீசிலேயே அச்சடித்திருந்தார்கள். அதைப் படித்த பிறகும் மலாக்காத் தமிழர்கள் முந்நூறு பேர் ஞாயிற்றுக்கிழமை காலைக் காட்சிக்கு வந்து உட்கார்ந்தார்கள் என்றால் அதற்குக் கணேசமூர்த்திதான் பொறுப்பு. அவர் ஒரு கம்பெனியில் கணக்கெழுதும் கிராணி, காஜா பெராங் வாசகசாலைக்குச் செயலாளர். கல்யாணமோ கருமாதியோ, அவர் இல்லாமல் அந்த வட்டாரத்தில் ஒரு காரியம் நடக்காது. ஒரு மாதமாக வீடு வீடாக ஏறி இறங்கி, "எங்க அண்ணன் கதை படமா வருதுலா. வரலேன்னா அப்புறம் என் மூஞ்சியில முழிக்காதீங்க" என்று சொல்லி வைத்திருந்தார். நாளைக்கு அவர் மூஞ்சியில் முழிக்க வேண்டுமே என்று எல்லாரும் கச்சாங் பூத்தே கடலைப் பொட்டலங்களோடு வந்துவிட்டார்கள்.

அந்த அண்ணனின் மனைவி ஜெயா கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் அடுத்த வீட்டு நூர்ஜஹான். ஜெயா படக்கொட்டகைக்குள் கால் வைத்துப் பதினாறு வருஷம் ஆயிற்று. நாற்பத்து மூன்றில் ஜப்பான்காரன் இலவசப் படம் காட்டுகிறேன் என்று ஊரைக் கூட்டினான். அவள் புருஷன், பஸ் கண்டக்டர் சேதுராமன், காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் போய் உட்கார்ந்தான். படம் ஓடிக்கொண்டிருக்கும்போதே கதவுகளைச் சாத்தி, ஆண்களையெல்லாம் லோரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிட்டார்கள். போனவன் போனவன்தான். அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது. அதற்குப் பிறகு படம் என்று யாராவது பேச்சை எடுத்தாலே அவள் எழுந்து உள்ளே போய்விடுவாள்.

இன்றைக்கு யாரும் இழுக்காமல் அவளாக வந்தாள். ஒரு சொல்லைக் காதால் கேட்க வேண்டும், அதற்காக வந்தாள்.

மெட்ராஸ் வாரப் பத்திரிகை ஒன்றில் மூன்று வருஷத்துக்கு முன்னால் 'கட்டை எண்ணியவர்கள்' என்று ஒரு தொடர்கதை வந்தது. எழுதியவர் சயாமில் தண்டவாளக் கட்டை சுமந்து, உயிர் தப்பி, இந்தியாவுக்குத் திரும்பியவர். பத்திரிகை கப்பலேறி மலாக்காவுக்கு வர ஒரு மாதம் ஆகும். வாசகசாலையில் பத்துக் கை மாறி அட்டை கிழிந்த பிறகுதான் ஜெயாவிடம் வரும். இருபத்தேழாவது வாரத்தில் 'மலாக்கா சேது' என்று ஒருவன் கதைக்குள் வந்தான். பஸ் கண்டக்டர், இடது கையில் ஆறு விரல், காடு அதிரச் சிரிக்கிறவன். முப்பத்தொன்றாவது வாரத்தில் காய்ச்சல் கண்டு மூங்கில் கொட்டகையில் செத்துப்போனான். எழுதியவர் அதை இப்படி முடித்திருந்தார்: "'ஜெய...' என்றான் சேது. மீதிச் சொல் உதட்டைத் தாண்டவில்லை. தாண்ட வேண்டிய அவசியமும் இல்லை. அது எங்கள் எல்லாருக்கும் தெரிந்த சொல்."

எல்லாருக்கும் தெரிந்த சொல்தான். அந்த நாளில் மலாயாவில் திடலுக்குத் திடல் இந்திய விடுதலைக் கூட்டம். மேடையில் ஒருவர் 'ஜெய' என்றால் கீழே ஆயிரம் பேர் 'ஹிந்த்' என்பார்கள். பால் மறக்காத குழந்தைகூட 'ஜெய' என்று கேட்டால் மீதியைச் சொல்லிவிடும். அப்படி ஊறிப்போன பழக்கம் அது.

ஜெயா அந்தப் பக்கத்தை அடுப்படியில் நின்றபடி படித்தாள். புருஷன் செத்த செய்தி அவளுக்கு அப்படித்தான் வந்தது, ஒரு பல்பொடி விளம்பரத்துக்கு மேலே. அழுதாள். அழுது முடித்து மறுபடி படித்தபோது கோபம் வந்தது. மீதிச் சொல்லாவது மண்ணாங்கட்டியாவது. சேதுராமன் இதே மலாக்காவில், தெங்கேராவில் பிறந்தவன், இந்தியாவைக் கண்ணால் பார்த்ததில்லை. கூட்டத்துக்கு வா என்று யாராவது கூப்பிட்டால் கால் வலிக்கிறது என்று பாயில் சுருண்டுகொள்வான். ஆனால் வேலை முடிந்து வரும்போது, மற்ற ஆண்பிள்ளைகளைப் போல 'ஏய்', 'இந்தா' என்று கூப்பிடாமல், தெருமுனையிலிருந்தே ஸ்டாப்பின் பெயரைக் கூவுகிற தொண்டையில் 'ஜெயா' என்பான். வெட்கங்கெட்டவன் என்று மாமியார் தலையில் அடித்துக்கொள்வாள். அந்த 'ஜெய' என்ற சொல்லுக்கு மீதி ஒரு துணைக்கால்தான். அதைப் போட்டால் அவள் பெயர்.

இதைக் கொழுந்தனிடம் சொன்னாள். சொன்ன நேரம் சரியில்லை. கணேசமூர்த்தி அதற்குள் அண்ணனின் போட்டோவைப் பெரிதாக்கி, 'தியாகி சேதுராமன்' என்று கீழே எழுதி, வாசகசாலைச் சுவரில் மாட்டி மாலையும் போட்டுவிட்டார்.

"அண்ணி, அண்ணன் நாட்டுக்காகச் செத்தாருன்னு ஊரே சொல்லுது" என்றார். "பொண்டாட்டி பேரைச் சொல்லிக்கிட்டுச் செத்தாருன்னு நாம போயி சொன்னா சிரிக்க மாட்டாங்களா?"

கெட்ட மனிதர் இல்லை. பதினாறு வருஷமாக அவளுக்குச் சோறு போட்டவர், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதனாலேயே அவளால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அன்றிலிருந்து ஊருக்கு அவள் தியாகியின் மனைவி. வீட்டில் அண்ணி, நூர்ஜஹானுக்கு அக்கா, துணி தைக்கக் கொடுக்கிறவர்களுக்குத் தையல்காரம்மா. ஜெயா என்று கூப்பிட இந்த மலாக்காவில் ஒரு வாய் மிச்சம் இல்லை. உலை வாயை மூடலாம், ஊர் வாயை மூட முடியுமா என்பார்கள். ஊர் வாயைத் திறக்க வைப்பதும் முடியாத காரியம் என்று அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது.

நூர்ஜஹான்தான் யோசனை சொன்னாள். "எழுதுன ஆளுக்கே ஒரு கடுதாசி போடுங்கக்கா." போட்டாள். நாலு மாதம் கழித்துப் பதில் வந்தது.

"அம்மணி, தங்கள் கடிதம் கண்டேன். அவர் தலை என் மடியில்தான் இருந்தது. 'ஜெய' என்று என் காதில் விழுந்தது சத்தியம். 'ஹிந்த்' என்று விழவில்லை. அதை நானாக நினைத்துக்கொண்டேன். அவருக்கு மனைவி உண்டென்றோ, பெயர் இன்னதென்றோ நான் அறியேன். புத்தகம் அச்சாகிவிட்டது, இனி அதில் கை வைக்க முடியாது. ஆனால் கதையைப் படமாக எடுக்கிறார்கள். எடுப்பவரிடம் தங்கள் கடிதத்தைக் காட்டினேன். வெகுநேரம் வைத்துப் படித்தார். அவர் எதற்கும் அவசரப்படாத மனிதர்."

கடைசி வாக்கியத்தை ஜெயா நம்பினாள். அதை நம்பித்தான் வந்து உட்கார்ந்திருந்தாள்.

அவசரப்படாத மனிதர் என்பது படம் தொடங்கிய ஐந்தாவது நிமிஷத்தில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது. முதலில் ஓர் ஆறு வந்தது. ஆறு ஓடியது. இன்னும் ஓடியது. பிறகு ஒரு கிழவன் வந்து ஆற்றைப் பார்த்தான். அவன் பார்த்து முடிக்கிற வரை முந்நூறு பேரும் கூடச் சேர்ந்து பார்த்தார்கள். பிறகு ஒரு மண்ணெண்ணெய் விளக்கு. அதன் பக்கத்தில் ஒருவன் உட்கார்ந்து சோற்றைப் பிசைந்தான். சாப்பிடவில்லை, பிசைந்தான். புத்தகத்தில் ஒரே வரியில் வந்த சோறு அது.

"ஆப்பரேட்டர் தூங்கிட்டானா? படம் நிக்குதுலா" என்றது முன்வரிசையிலிருந்து ஒரு குரல். பஸ் டிரைவர் சுப்பையன். சேதுராமனுடைய பழைய பஸ்ஸை இப்போது ஓட்டுகிறவன்.

"நிக்கல. வெளக்கு அசையுது பாரு" என்றார் யாரோ.

"அப்ப சரி. வெளக்கு நல்லா நடிக்குது."

கொட்டகை கொல்லென்று சிரித்தது. அதற்குப் பிறகு யாருக்கும் கூச்சம் போய்விட்டது. இருபது பேர் வரிசையாகக் கட்டை சுமந்து மலையேறினார்கள். இருபது பேரும் ஏறி முடிக்கிற வரை காட்டினான் படம் எடுத்த மகராசன். ஒன்று, ரெண்டு, மூணு என்று கொட்டகையே கூடச் சேர்ந்து எண்ணியது. இருபது என்றதும் கைதட்டல். தொடர்கதையில் சண்டையிருந்தது, தப்பி ஓடுகிற ராத்திரியிருந்தது, கங்காணியை ஆற்றில் தள்ளிவிடுகிற அத்தியாயத்துக்கு வாசகசாலையில் அடிதடியே நடந்தது. படத்தில் அது ஒன்றும் இல்லை. கங்காணி வந்தான், மூக்கைச் சிந்தினான், போய்விட்டான். இவர்கள் கதையைப் படமாக எடுக்கவில்லை, கதையைத் தூங்க வைத்து அது தூங்குவதைப் படமாக எடுத்திருக்கிறார்கள்.

ஜெயாவுக்கும் எரிச்சலாகத்தான் இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். சேதுவாக வந்த நடிகன் ஒட்டிய கன்னமும் தொங்கிய தோளுமாக, செத்தவன் கையில் வெற்றிலை பாக்குக் கொடுத்த மாதிரி நடமாடினான். காடதிரச் சிரித்தவனை இப்படியா ஊமையாக்கி வைப்பது? ஒரு தடவை சிரிக்க விட்டால் என்ன குடி முழுகிப்போகிறது? வாய்விட்டுத் திட்ட வேண்டும் போலிருந்தது. ஆனால் அவள் வேறு ஒரு கணக்குப் போட்டாள். ஒரு விளக்குக்கே இத்தனை நேரம் கொடுக்கிறவன், ஒரு சொல்லை அவசரப்பட்டுக் கெடுக்க மாட்டான். எவ்வளவு மெதுவாகப் போகிறதோ அவ்வளவுக்கு அவளுக்கு நம்பிக்கை ஏறியது.

"கண்ண மூடிக்கோங்கக்கா" என்றாள் நூர்ஜஹான். "அந்த எடம் வந்தா நான் எழுப்புறேன்."

"வேணாம். நீயும் தூங்கிட்டா?"

இடைவேளையில் விளக்குப் போட்டதும் சண்டை தொடங்கிவிட்டது. பாதிப் பேர் எழுந்து வாசலை அடைத்துக்கொண்டு டிக்கெட் காசைத் திருப்பிக் கொடு என்றார்கள். கொட்டகை மேனேஜர் சீனர், சாது மனிதர். கையைப் பிசைந்துகொண்டு வந்து கணேசமூர்த்தியிடம் மலாயில் கெஞ்சினார். வேறொரு கத்திச் சண்டைப் படப் பெட்டி தயாராக இருக்கிறதாம். இதை இத்தோடு நிறுத்திவிட்டு அதைப் போட்டால் எல்லாரும் சந்தோஷமாகப் போவார்களாம். சுற்றி நின்றவர்கள், "பாகுஸ், பாகுஸ், நல்லது, அதப் போடு" என்றார்கள். கணேசமூர்த்தியின் முகம் தொங்கிப்போயிற்று. அவரும் தோற்றுவிட்டார் என்று தெரிந்தது. போடுங்க என்று சொல்லப் போனார்.

ஜெயா கூட்டத்தைப் பிளந்துகொண்டு போய் அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். பதினாறு வருஷத்தில் அவரைத் தொட்டு அவள் எதுவும் கேட்டதில்லை.

"தம்பி, நிறுத்த விடாதீங்க. உங்க கால்ல வேணும்னாலும் விழுறேன். அந்த எடம் வர்ற வரைக்கும் ஓடட்டும்."

அவர் கண் கலங்கிவிட்டது. அண்ணிக்கும் கடைசியில் அண்ணனின் தியாகம் விளங்கிவிட்டது என்று நினைத்துக்கொண்டார் போல. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு திரைக்கு முன்னால் இருந்த மேடையில் ஏறினார்.

"எல்லாரும் உட்காருங்க. படம் இழுவைதான், நானே ஒத்துக்கிறேன். ஆனா கடைசியில எங்க அண்ணன் உயிர் போற எடம் வருது. 'ஜெய'ங்கிறாரு, மீதியச் சொல்ல முடியாமப் போயிடுறாரு. அந்த ஒரு எடத்துக்காகத்தான் நான் உங்கள வரச் சொன்னேன். நமக்கு மெர்டேக்கா கெடச்சு, சொந்தக் கொடி ஏறி ரெண்டு வருசம் ஆச்சு. அதுக்கு உசிரக் கொடுத்தவனுக்காக ஒரு மணி நேரம் உட்கார முடியாதா?"

சுப்பையன் மட்டும், "அந்த எடம் எத்தன மணிக்கு வரும்லா? நான் போயி பசியாறிட்டு வந்திர்றேன்" என்றான். ஆனால் உட்கார்ந்தான். எல்லாரும் உட்கார்ந்தார்கள். ஜெயா கொழுந்தனை நன்றியோடு பார்த்தாள். அவள் கேட்டது நடந்துவிட்டது.

பின்பாதி முன்பாதியை விட மோசம். மழை பெய்தது. ஒருவன் செருப்புத் தைத்தான். மழை விட்டது. ஆனால் இப்போது கேலி இல்லை. எல்லாரும் ஒரே ஓர் இடத்துக்காகக் காத்திருந்தார்கள், பந்தியில் இலை போட்ட பிறகும் சோறு வராதவர்களைப் போல. 'இதுவா?' 'இது இல்ல.' 'இப்ப வருமா?' என்று வரிசைக்கு வரிசை கிசுகிசுத்துக்கொண்டார்கள். காத்திருக்கக் காத்திருக்க அவர்களுக்கு வெறி ஏறியது.

கடைசியில் மூங்கில் கொட்டகை வந்தது. சேது படுத்திருந்தான். திரை முழுக்க அவன் முகம். கூரையிலிருந்து தண்ணீர் சொட்டுகிற சத்தத்தைத் தவிர வேறு சத்தம் இல்லை. ஜெயா நூர்ஜஹானின் கையைப் பிடித்தாள். அந்த நடிகனை இவ்வளவு நேரம் வைதுகொண்டிருந்தவள், முதல் தடவையாக அவன் கண்ணைப் பார்த்தாள். அவன் அந்த மூங்கில் கொட்டகையின் வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான், அங்கே யாரோ வந்து நிற்கப் போகிறாள் என்பது போல. உதடு பிரிந்தது.

"ஜெய" என்றான்.

கோஷம் போடுகிற குரல் இல்லை அது. வீட்டுக்குள் இருக்கிறவளைக் கூப்பிடுகிற குரல். கடிதத்தைப் படித்திருக்கிறான். அந்த அவசரப்படாத மனிதன், முகம் தெரியாத மகராசன், அவள் எழுதியதை நம்பியிருக்கிறான். படம் அந்த முகத்தை விட்டு நகரவில்லை. ஒரு மூச்சு போயிற்று. இன்னொரு மூச்சு போயிற்று. நடிகனின் வாய் மறுபடி மெதுவாகத் திறக்கத் தொடங்கியது.

"ஹிந்த்" என்று முன்னாலிருந்து ஒரு குரல் இடித்தது. கணேசமூர்த்தி.

அவ்வளவுதான். முந்நூறு பேரும் எழுந்துவிட்டார்கள். ஹிந்த், ஹிந்த் என்று கொட்டகை கிடுகிடுத்தது. விசில். நாற்காலிப் பலகைகள் படார் படாரென்று மடங்கின. எவனோ மெர்டேக்கா என்று கத்த, அதற்கும் மூன்று தடவை பதில் போட்டார்கள். இரண்டு மணி நேரமாக வாயைக் கட்டிப் போட்டிருந்த சனம், தங்களுக்குத் தெரிந்த ஒரே சொல் கிடைத்ததும் அவிழ்த்துக்கொண்டு ஓடிற்று. ஜெயாவுக்கு முன்னால் தலைகளும் தூக்கிய கைகளும்தான் தெரிந்தன. நாற்காலி மேல் ஏறி நின்றாள். கைகளுக்கு நடுவே ஒரு கணம் திரை தெரிந்தது. உதடு அசைந்துகொண்டிருந்தது. ஒரு தடவை. இன்னொரு தடவை. "உட்காருங்க, உட்காருங்க" என்று கத்தினாள். திரும்பிப் பார்த்தவர்கள் தியாகியின் மனைவி நாற்காலி மேல் ஏறிக் கோஷம் போடுகிறாள் என்று நினைத்து அவளைப் பார்த்துக் கைதட்டினார்கள். அவர்கள் கைதட்டி முடித்து உட்கார்ந்தபோது திரையில் மறுபடி ஆறு ஓடிக்கொண்டிருந்தது.

"அப்புறம் என்ன சொன்னான்? உனக்குக் கேட்டுச்சா?" என்றாள் நூர்ஜஹானிடம்.

"வாய் அசஞ்சுச்சுக்கா. இந்தச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல."

"என் பேரா?"

நூர்ஜஹான் பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வாயெடுத்து, ஜெயாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, சொல்லவில்லை. "தெரியலக்கா" என்றாள்.

படம் இந்த ஒரு காட்சிதான். பெட்டி மறுநாள் மூவாருக்குப் போகிறது. பஸ் ஏறினால் இரண்டு மணி நேரத்தில் மூவார். ஜெயா அதையும் நினைத்துப் பார்க்காமல் இல்லை. ஆனால் மூவாரில் மட்டும் தமிழர்கள் இல்லையா? அங்கேயும் ஒரு கணேசமூர்த்தி எழுந்திருப்பார். படம் எத்தனை ஊருக்குப் போனாலும், அதை எடுத்த மனிதன் எத்தனை பொறுமையாகக் காத்து நின்றாலும், சேது மறுபடி வாயைத் திறப்பதற்குள் அந்த மீதியை எடுத்துக்கொள்ள ஊருக்கு முந்நூறு பேர் தயாராக இருப்பார்கள். எடுப்பவனுக்கு இருந்த பொறுமை பார்ப்பவனுக்கும் இருந்திருந்தால் ஒரே ஒரு மூச்சு நேரம் போதும். அந்த ஒரு மூச்சு நேரத்தை இவர்கள் அவளுக்குக் கொடுக்கவில்லை. கொடுக்கவில்லை என்பதுகூட அவர்களுக்குத் தெரியாது. அதை நினைத்தபோதுதான் அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

வெளியே வெயில் அடித்துக்கொண்டிருந்தது. படம் பிரமாதம் என்று பேசிக்கொண்டு போனார்கள். காசைத் திருப்பிக் கேட்டவர்கள்தான் அதிகமாகப் பேசினார்கள். சுப்பையன்கூடக் கணேசமூர்த்தியின் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டு, "கடைசியில உலுக்கிட்டாங்கலா" என்று சொல்லிப் போனான். கணேசமூர்த்திக்கு வேர்த்து வழிந்தது, முகமெல்லாம் பூரிப்பு. பிள்ளை பரிசு வாங்கிவிட்டு ஓடி வருவது போல ஜெயாவிடம் வந்தார்.

"கேட்டீங்களா அண்ணி? நான்தான் மொதல்ல எடுத்துக் கொடுத்தேன். அண்ணன் விட்டுட்டுப் போன மீதிய இத்தன வருசம் கழிச்சு நான் சொல்லி முடிச்சிட்டேன்."

அவள் அவரைப் பார்த்தாள். திட்ட வேண்டும் என்று எழுந்த வார்த்தைகள் பத்துப் பன்னிரண்டு இருந்தன. பதினாறு வருஷச் சோறு அவற்றை உள்ளேயே அழுத்தியது.

"உங்க அண்ணன் என்னையக் கூப்பிட்டாரு தம்பி" என்றாள். "நீங்க பதில் சொல்லிட்டீங்க."

அவர் முகத்தில் சிரிப்பு அப்படியே நின்றது. வாய் திறந்தது. அவள் நூர்ஜஹானோடு ரோட்டைக் கடந்து நடந்தாள்.